கழுவிய கைகள்

எங்கள் ஊர் டாக்டர்கள் சங்கத்தில் கை தூக்கித்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்போம். தலைவர் ஞானப்பிரகாசம் எப்போதும் காலையில்தான் பொதுக்குழுவைக் கூட்டுவார். அறுவை சிகிச்சை டாக்டர்கள் அப்போது வர முடியாது, அவரே ஜெயிப்பார். இந்த முறை மயக்க மருந்து டாக்டர் செண்பகவல்லி எதிர்த்து நின்றார்.

"அவங்களால வர முடியலன்னா நாம அங்க போவோம் சார்."

ஞானப்பிரகாசம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

ஆபரேஷன் தியேட்டர் குழாயடியில், கழுவிய கைகளை மார்புக்கு நேரே ஏந்தி அறுவை சிகிச்சை டாக்டர்கள் நின்றார்கள். அந்தக் கை தோளுக்கு மேலே போனால் சுத்தம் கெட்டுவிடும். அது தெரிந்துதான் அவர் சிரித்திருந்தார்.

"செண்பகவல்லிக்கு ஓட்டுப் போடுறவங்க கையத் தூக்கலாம். நல்லா உசரமா," என்றார் ஞானப்பிரகாசம்.

முழங்கைகளிலிருந்து நீர் சொட்டியது. யாரும் அசையவில்லை. பிறகு எலும்பு டாக்டர் ஹபிபுல்லாவின் கை தலைக்கு மேலே போனது. விரல் நுனியிலிருந்து நீர் திரும்பி அக்குள்வரை ஓடியது. அடுத்து இன்னொரு கை. அப்புறம் எல்லாக் கைகளும்.

ஞானப்பிரகாசம் எண்ணவே இல்லை.

"தலைவரா என் முதல் உத்தரவு," என்றார் செண்பகவல்லி. "எல்லாரும் மறுபடியும் கை கழுவுங்க. அவசரமில்ல, நான் இன்னும் மயக்க ஊசி போடல."

எல்லாக் குழாய்களும் ஒன்றாகத் திறந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டது.