முதலில் எடுத்த குவியல்

"நீங்க ஆயிரம் சொல்லுங்க, உங்க தம்பி நம்ம தலையில மிளகாய் அரைச்சிட்டாரு!"

கொழுந்தன் கட்டிய புது வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள் பெரிய மருமகள்.

"மெதுவா பேசு. உள்ள இருக்காங்க," என்றான் கணவன்.

"கேக்கட்டுமே!"

மாமனார் காலத்துப் பழைய வீட்டை இடித்தபோது, தச்சர் அதன் மரத்தையெல்லாம் இரண்டு குவியலாகப் பிரித்துப் போட்டார். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. தம்பி அதுவரை வீட்டில் எதையும் வாய் திறந்து கேட்டதில்லை. அன்றைக்குப் பார்த்து, "அண்ணா, நான் முதல்ல எடுத்துக்கறேன்," என்றான். அதோடு விட்டானா? பானை வாங்குகிறவன் மாதிரி ஒவ்வொரு கட்டையையும் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். அப்புறம்தான் ஒரு குவியலை வண்டியில் ஏற்றினான்.

மிச்சக் குவியலை வைத்து இவர்கள் தங்கள் வீட்டில் மாடி அறை கட்டினார்கள். உத்தரம், தளம், படி எல்லாம் அந்த மரம்தான். மகள்கள் இருவரும் அங்கேதான் படுக்கிறார்கள். அறைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. மிச்சமே இப்படி இருந்தால், முதலில் எடுத்தது எப்படி இருக்கும்? இந்த யோசனையே அவளைத் தூங்கவிடவில்லை.

இன்றைக்கு நேரிலேயே பார்த்தாள். கதவு, ஜன்னல், அலமாரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம். எல்லாவற்றுக்கும் பச்சைப் பெயிண்ட். சும்மா பளபளவென்று இருந்தது. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"நல்ல மரத்துக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?" கணவன் காதில் கிசுகிசுத்தாள். "நாம கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு மறைச்சிருக்காங்க. உள்ள அத்தனையும் முத்தின தேக்கு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம விடமாட்டேன். மறுபடியும் பங்கு பிரிக்கணும்!"

"கட்டைக்காகவா சண்டை போடப்போற?"

"ஆமா. போடத்தான் போறேன்."

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனார்கள். சின்ன மருமகள் காபி போட உள்ளே போனாள்.

இதுதான் சமயமென்று பெரியவள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். கொண்டை ஊசியை உருவினாள். கீலுக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துச் சுரண்டினாள்.

தேக்கைக் காணோம். வெள்ளையாக எதையோ வைத்து அடைத்திருந்தது. ஊசியை அழுத்தினாள். வெண்ணெயில் இறங்குவது போல முழுசாக இறங்கிவிட்டது. இழுத்ததும் பொடிப்பொடியாகக் கொட்டியது.

"ஐயோ அக்கா, அங்க தொடாதீங்க!"

காபித் தம்ளரோடு சின்னவள் நின்றிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் போலப் பெரியவள் விழித்தாள்.

"என்னம்மா இது... கரையானா?"

"அந்தக் குவியல்ல பாதிக்கு மேல அப்படித்தான் அக்கா. வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது, உள்ள வெறும் கூடு. அடைச்சு, பெயிண்ட் அடிச்சு ஒப்பேத்திட்டோம். பெரியத்தான்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்னு ஒத்தக்கால்ல நிப்பாரு."

பெரியவள் ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரர் தட்டிப் பார்த்துத்தானே எடுத்தாரு? அவருக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதான் எடுத்தாரு." சின்னவள் தம்ளரை நீட்டினாள். "எங்களுக்குக் கதவு, ஜன்னல்தானே? உதிர்ந்து போனா வேற மாட்டிக்கலாம். நீங்க மாடி கட்டப்போறதா சொன்னீங்க. பிள்ளைங்க அது மேலதானே படுக்கும் அக்கா?"