ஐசக் கட்டி வைத்த கல்லறை

“அண்ணே, உங்க கல்லறைய என் தம்பிக்குக் குடுத்துடுங்க.”

ஞானசுந்தரி இதைக் கேட்டது எருசலேமில், இயேசுவை வைத்ததாகச் சொல்லும், பாறையைக் குடைந்து செய்த பழங்காலக் கல்லறையைப் பார்க்க வரிசையில் நின்றபடி. அவளுக்கு முன்னால் நின்றவர் டெய்லர் ஐசக். இருவருக்கும் உத்திரமேரூர்தான், ஒரே சபை. பாஸ்டர் கூட்டிவந்த இருபத்தெட்டுப் பேரில் அவர்களும் உண்டு.

காலையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது பாஸ்டரின் செல்போனில் செய்தி வந்தது. ஞானசுந்தரியின் தம்பி நெஞ்சுவலியில் போய்விட்டான். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினாலும் முகம் பார்க்க முடியாது என்றார்கள். ஓட்டல் அறையில் தனியாக அழப் பிடிக்காமல் எல்லாரோடும் பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குள் அடுத்த செய்தி. உத்திரமேரூர் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோங்கள் என்கிறார்களாம். அம்மாவின் குழியைத் திறந்துதான் அப்பாவை வைத்தது. அதற்கே நாலு வருஷம்தான் ஆகிறது. மறுபடி திறக்க விடமாட்டார்கள்.

அங்கே காலியாக இருப்பது ஒன்றே ஒன்று. மனைவி இறந்த கையோடு, அவள் பக்கத்தில் தனக்கென்று ஐசக் செங்கல் வைத்துக் கட்டி, கருங்கல் பலகை போட்டு மூடி வைத்த கல்லறை. பலகையில் அவர் பெயரும் 1938 என்ற பிறந்த வருஷமும் வெட்டியாகிவிட்டது. புது வூடு கட்டிட்டு இன்னும் குடி போகாம கீறாரு என்று சபையில் சிரிப்பார்கள்.

ஐசக் திரும்பிப் பார்க்கவில்லை. “அது முடியாதும்மா.”

“முடியாதுன்னா இன்னா அர்த்தம்? அப்பா அம்மா பக்கத்துல கெடக்கட்டும்னுதானே கேக்கறேன்.”

“வேற எது வேணும்னாலும் கேளு.”

“வேற இன்னா கேக்கறது? ஜாக்கெட் தெச்சுக் குடுங்கன்னா?”

பின்னால் நின்ற, அதே சபை மரகதம் சும்மா இருக்கவில்லை. “செத்தவனுக்கு இல்லாத எடம் சாகாதவருக்கு எதுக்காம்?”

ஐசக்கின் காது சிவந்தது.

நாலு நாலு பேராக உள்ளே விட்டார்கள். குனிந்து நுழைந்தார்கள். வலப்பக்கம் பாறையிலேயே வெட்டிய படுக்கை. சுவரில் உளி பட்ட தடம். வேறொன்றுமில்லை.

பாஸ்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். “அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்குன்னு வெட்டி வெச்சிருந்த புதுக் கல்லறை. ஆண்டவருக்கு எடம் இல்லாதப்போ எடுத்துக் குடுத்துட்டாரு.”

ஐசக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞானசுந்தரி அதைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் வெடித்தாள். “உள்ள நின்னு அழுவுறீங்க. வெளிய வந்தா ஒரு குழி குடுக்க மனசு வரல. இதுக்கா இம்மாந்தூரம் பிளேன் ஏறி வந்தீங்க? பாஸ்டரய்யா, நீங்களாவது கேளுங்க.”

பாஸ்டர் கேட்டார். “சாயங்காலம் அடக்கம், ஐசக். தம்பி பொண்டாட்டி பரிமளா மூணு தடவ போன் பண்ணிட்டா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்.”

ஐசக் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். “குடுக்கறதுக்கு அது காலியா இல்லீங்க ஐயா. உள்ள ஆள் கீது. மூணு வருஷமா கீது.”

“யாருண்ணே?”

“வேதகிரி.”

சபைக் கல்லறைத் தோட்டத்தில் முப்பது வருஷம் குழி வெட்டியவன். அவன் செத்தபோது, “வேதக்காரங்களுக்குக் குழி வெட்டினவன் அங்கியே போவட்டும்” என்று சொந்த சனமே சுடுகாட்டுப் பாதையை மறித்தது. அவன் மனைவி மங்கம்மா சபைக் கமிட்டியின் முன்னால் வந்து நின்றாள். கமிட்டியும் முடியாது என்றது. திருமுக்கூடல் பக்கம் ஆற்றோரமாக எங்கோ புதைத்துவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“மங்கம்மாவோட தாய் வூட்டு ஆளுங்களும் நானுமா ராவோட ராவா பலகையத் தூக்கி, வெச்சி மூடிட்டோம்” என்றார் ஐசக்.

“அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா தோண்டி எடுக்க வெச்சிருப்பீங்க ஐயா.”

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞானஸ்நானம் வாங்காத ஆளுக்கு இங்கே இடம் கிடையாது என்று அன்று கமிட்டியில் முதலில் எழுந்து சொன்னவள் ஞானசுந்தரிதான். அந்தக் கூட்டத்தில் ஐசக்கும் இருந்தார். இப்போது அவர் அதைச் சொல்லவில்லை.

செல்போன் அடித்தது. பாஸ்டர் எடுக்காமல் அவளிடமே நீட்டினார்.

“அண்ணி, இன்னா சொன்னாரு அவரு? கடப்பாரையோட நாலு பேரு நின்னுக்கினு கீறாங்க. பலகையத் தூக்கச் சொல்லட்டா?”

“வேணாம் பரிமளா. யாரும் கைய வெக்கக் கூடாது. தம்பிய வாலாஜாபாத்துக்கே கொண்டு போங்க.”

“ஏன் அண்ணி? காலியாதானே கீது?”

ஞானசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இல்லடி. உள்ள நம்ம வூட்டு ஆளு ஒருத்தரு கீறாரு.”