மொட்டின் பங்கு

சீதா என் தோளைப் பிடித்து மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"அண்ணே, அசையாம இருங்க. கண்ண வச்சுக்கிட்டு நான் சொல்றதக் கேளுங்க."

வைத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எதையும் எனக்குக் காட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

சனிக்கிழமை பிற்பகல். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஏர்கான் உறுமிக்கொண்டிருந்தது. அறை முழுக்க ஆப்ப மாவு புளித்த வாசனை.

கண்ணாடித் துண்டில் இருந்தது ஈஸ்ட். மலாய் மொழியில் ராகி. அதைக் கேட்டுவிட்டு, மகள் கேழ்வரகில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று எங்கள் அம்மா செந்தூல் கோயிலில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் படிப்புக்கு உதவும் என்று ஒரு பை ராகி மாவு வேறு கொடுத்தனுப்பினாள்.

சீதா சொல்ல ஆரம்பித்தாள். ஒரு தாய் செல். அதன் விலாவில் சின்னதாக ஒரு மொட்டு. தாயின் உடம்பெங்கும் இழை இழையாக மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குச் சக்தி கொடுக்கும் அடுப்புகள் அவை. சாயம் ஏற்றியிருப்பதால் மினுங்குகின்றன. அதில் கொஞ்சம் மட்டும் கழுத்து வழியாக மொட்டுக்குள் நுழைகிறது.

மொட்டால் தானாக அடுப்பு மூட்டிக்கொள்ள முடியாது. தாய் கொடுத்தால்தான் உண்டு.

அவள் இதில் விழுந்து கிடப்பதற்குக் காரணம் இருந்தது.

அம்மா வழியில் ஒரு நோய். ஆண்பிள்ளைகளுக்கு இருபது வயதைத் தாண்டியதும் சில மாதங்களில் பார்வை போய்விடும். அம்மாவின் தம்பிக்குப் போனது. அடுத்த தலைமுறையிலும் ஒருவனுக்குப் போனது. இரண்டு பேருமே சம்சு குடித்துக் கண்ணை அவித்துக்கொண்டார்கள் என்று அக்கம்பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தக் கள்ளச்சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தாலும் யார் நம்புகிறார்கள்? எந்தக் குடிகாரன்தான் ஒப்புக்கொண்டான் என்பார்கள்.

தொண்ணூறாம் ஆண்டில்தான் டாக்டர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். பழுது மைட்டோகாண்ட்ரியாவில். தாயிடமிருந்து மட்டுமே வருமாம். சீதாவின் ரத்தத்தையும் சோதித்தார்கள். நல்லதும் பழுதும் கலந்திருந்தது.

அன்றிலிருந்து பிள்ளைப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் தங்கமானவர், வாய் திறக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மா திறப்பாள்.

எனக்கு அதுதான் வேதனை. பாசாரில் யார் வீட்டுக் குழந்தையைக் கண்டாலும் தூக்கிக் கொஞ்சுகிறவள் அவள்.

இந்தத் தாய் செல்லும் அவளைப் போலத்தான், கலப்பு. இதே போன்ற தாய்களிடமிருந்து மொட்டுகளை மெல்லிய ஊசியால் பிரித்துத் தனித்தனியாக வளர்த்திருக்கிறாள். சில சவலையாகவே நின்றுவிட்டன. சில, பழுது துளியும் இல்லாமல், தளதளவென்று வளர்ந்திருக்கின்றன.

"மனுசி ஈஸ்ட் இல்ல அண்ணே, தெரியும். ஆனா இருக்கிறதெல்லாத்தையும் அப்படியே கொடுத்துத்தான் ஆகணும்னு இல்ல லா."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அப்படியே பழுது வந்தாலும் உலகமா முடிந்துவிடும் என்று கேட்க வாய் வந்தது. அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. இருந்தாலும் முடிவு அவளுடையது.

மைக்ராஸ்கோப்பை மூடிவைத்தாள். கதவைப் பூட்டினாள். சுவரில் சாய்த்திருந்த என் வெள்ளைத் தடியை எடுத்து வலது கையில் கொடுத்தாள். இடது கையைத் தன் முழங்கையில் கோத்துக்கொண்டாள். என் பார்வை போனபின், பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் பழகச் சேர்த்துவிட்ட நாளிலிருந்து இப்படித்தான் கூட்டிப்போவாள்.

"மாமா, மெதுவா. இங்க படி இருக்கு."

நின்றுவிட்டேன்.

பிறந்ததிலிருந்து அவளுக்கு நான் அண்ணன். என்னை மாமா என்று கூப்பிட வேண்டிய ஆள் இன்னும் பிறக்கவே இல்லை.

அவள் என் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அந்தப் படிகளில் நான்தான் அவளைப் பார்த்துப் பார்த்து இறக்கிக் கூட்டிப்போனேன்.