தட்டிக் கேட்டால் பரிசு

"வெள்ளை விரிப்புக்கு நடுவுல சிவப்புத் துணியைப் போட்டுத் துவைச்சிருக்கியே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

ஓட்டல் சலவைக்கூடமே திரும்பிப் பார்த்தது. டை கட்டிய ஆள், முன்பின் பார்க்காத முகம், மெஷின் அக்காவின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டிருந்தான். மெஷினிலிருந்து எடுத்த விரிப்பெல்லாம் ரோஸ் நிறம்.

"ஆரம்பிச்சுட்டாங்கண்ணே!" துணி மடிக்கிறவள் இஸ்திரிக்காரரின் காதில் கிசுகிசுத்தாள்.

நேற்றே ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். வேலை செய்கிற இடத்தில் யாரும் யாரையும் கேவலமாக நடத்தக் கூடாது என்று இன்று பயிற்சி. வெளியாட்கள் வந்து நடிப்பார்கள். வேடிக்கை பார்க்காமல் நன்றாகத் தட்டிக் கேட்கிறவருக்கு ஒரு மிக்ஸி.

"மிக்ஸியைக் கண்ணுல பார்த்தாத்தான் நம்புவேன்" என்று நேற்று முணுமுணுத்த இஸ்திரிக்காரருக்கு இப்போது கை பரபரத்தது.

"நாடகத்துக்கு நல்ல விரிப்பையே பாழாக்கிட்டானுங்க. தாராளம்தான்" என்றார்.

"அக்காவையும் பேசி வச்சிருப்பாங்க போல. கண்ணீரு நிஜமாவே வருது பாருங்க!"

"பதில் சொல்ல வாய் இல்ல?" ஆள் கத்தினான். "பையை எடு, கிளம்பு. இனிமே வேலைக்கு வராதே!"

அக்கா ஆணியில் தொங்கிய பையை எடுத்தாள்.

மடிக்கிறவள் வாயைத் திறப்பதற்குள் இஸ்திரிக்காரர் முந்திக்கொண்டார்.

"நிறுத்துய்யா! துணியிலதானே சாயம் ஏறிச்சு, உனக்கு மரியாதை எங்க போச்சு? தப்பைச் சொல்லு, கேட்டுக்கிறோம். ஆளை வையாதே!"

"உங்க வீட்டுல இப்படித்தான் பேசுவியா?" மடிக்கிறவளும் விடவில்லை.

"நாங்க எல்லாரும் பையை எடுத்தா நீயா துவைப்பே?" இது துணி உலர்த்துகிறவர்.

மிக்ஸி கைநழுவிப் போகிறதே! இஸ்திரிக்காரர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "முதல்ல அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளு!"

ஆளுக்கு முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டியது. பாவி, என்னமாய் நடிக்கிறான் என்று இஸ்திரிக்காரரே அசந்துபோனார்.

"ம... மன்னிச்சிடுங்கம்மா. கோவத்துல பேசிட்டேன். நீங்க இருங்க."

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. யாரோ விசிலடித்தார்கள். அக்கா பையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

அப்போது கதவு திறந்தது. ஒப்பனைப் பெட்டியும் கையுமாக இரண்டு பேர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்கள்.

"மன்னிக்கணும், வண்டி நடுவழியில நின்னுடுச்சு. பயிற்சிக்கு நடிக்க வந்தவங்க நாங்கதான். ஆரம்பிச்சிடலாமா?"

"அப்ப... இவரு?" இஸ்திரிக்காரர் டை கட்டியவனைக் கைகாட்டினார்.

"இன்னிக்குச் சேர்ந்த புது மேனேஜருண்ணே. வந்ததும் எங்கிட்டதான் முதல்ல சொன்னாரு." அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வேலையும் போகும்னு தெரிஞ்சும் எனக்காக இத்தனை பேரு கேட்டீங்களே!"

இஸ்திரிக்காரர் மேனேஜரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"பின்ன, தெரியாமலா?" என்றார்.