குறுக்கே வருகிறவர்கள்

பெருத்துக்கொண்டே வந்த ஒரு நகரத்தின் நெடுஞ்சாலையோரம், கேட்பாரற்றுக் கிடந்த சிமெண்ட் குழாய்க்குள் செவலை என்ற நாய் குட்டி போட்டிருந்தது. அதற்குத் தீனி கிடைப்பது எதிர்ப்பக்கத்துக் கறிக்கடையில்தான். சாலை குறுகலாக இருந்தவரை கவலையில்லை. நெரிசலில் லாரிகள் அசையாமல் நிற்கும். செவலை சக்கரங்களுக்கு நடுவே புகுந்து போய்வரும்.

பிறகு சாலையை நாலு மடங்கு அகலமாக்கினார்கள். வண்டிகள் பறந்தன. தாயைத் தேடி இறங்கிய ஒரு குட்டி நடுச்சாலையில் நசுங்கிப் போனது.

செவலை சாலையைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தது. "அடப் பாவி! என் பிள்ளையைத் தின்னுட்டியே! ஒரு நிமிஷம் வண்டிகளை நிறுத்தினா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"நான் நேரா போறவங்களுக்குப் போட்ட சாலை," என்றது சாலை. "குறுக்கே வர்றவங்களுக்கு இல்லை."

செவலைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாலையின் ஓரத்தைப் பல்லால் கடித்தது. பல்லில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

பக்கத்துக் குட்டையில் கிடந்த கிழட்டு எருமை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. சேறு சொட்ட எழுந்து, தன் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு போய், சாலையை அடைத்துப் படுத்துக்கொண்டது. பிரேக்குகள் அலறின. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"ஏண்டி செவலை, குரைச்சது போதும். பிள்ளைகளைத் தூக்கு," என்றது எருமை.

செவலை மிச்சக் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்க் கறிக்கடைப் பக்கம் சேர்த்தது. அங்கே நின்றும் அதன் உறுமல் அடங்கவில்லை.

"எழுந்திரு! வண்டியெல்லாம் நிக்குது!" என்று கத்தியது சாலை.

எருமை நிதானமாக அசைபோட்டது.

"இவ்வளவு அகலம் வச்சிருக்கியே, ஒதுங்கிப் போகச் சொல்லு."