முடியாத ஜெபம்

சபையிலிருந்து வந்த அரிசிப் பை தையல் மிஷினுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தூக்கி வந்த பாஸ்டரம்மா, வீட்டிலுள்ள ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கிறார். காலையிலிருந்து வீடு வீடாய் ஏறி இறங்கிய பாதங்கள் செருப்பு வார் பதிந்து வீங்கியிருக்கின்றன. எதிரே தையல்காரியும் இரண்டு மகள்களும் கண்ணை மூடி நிற்கிறார்கள். “ஆண்டவரே, இந்தக் குடும்பத்தை...” என்று எழுந்த குரல், அதையே இன்னொரு முறை சொல்லிவிட்டு, பரலோகம் போகிற வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. ஆமென் வரவில்லை. தையல்காரி ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறாள். பாஸ்டரம்மாவின் தலை மார்பில் சரிந்திருக்கிறது. பையின் பிடி அழுத்திய சிவப்புக் கோடு மாறாத விரல்கள் மடியில் விரிந்து கிடக்கின்றன. மெல்லிய குறட்டை. சின்னவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்கிறாள். பெரியவள் அவளைக் கிள்ளுகிறாள். தையல்காரி மேசை விசிறியை நாற்காலிப் பக்கம் திருப்பி வைக்கிறாள். சாயங்காலம் கொடுக்க வேண்டிய சட்டைகள் இன்னும் கை வைக்காமல் மிஷின் மேல் கிடக்கின்றன. மிதிபலகையில் காலை வைத்தவள், சத்தம் வருமே என்று எடுத்துவிடுகிறாள். தெருவில் சபை வேன் ஹார்ன் அடிக்கிறது. ஓடிப்போய்க் கதவைப் பாதி திறக்கிறாள்.

“அண்ணே, ஹார்ன் அடிக்காதீங்க. பாஸ்டரம்மா ஜெபத்துல இருக்காங்க.”

“இன்னுமா?” என்கிறார் டிரைவர். “இன்னும் நாலு வீடு பாக்கியிருக்கும்மா. எவ்வளவு நேரமாகும்?”

அவள் திரும்பி ஒரு முறை நாற்காலியைப் பார்க்கிறாள்.

“எங்க வீட்டுல கஷ்டம் ஜாஸ்திண்ணே. நேரமாகும்.”