முன் அனுபவம் உண்டா?

பொய் சொன்னதுதான் சொன்னார், கொஞ்சம் நம்புகிற மாதிரியாவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஓவிய டீச்சர் போனைக் கண்ணருகில் கொண்டுபோய் மறுபடியும் படித்தாள்.

பெரியவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பு அது. சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஆன்லைனில் ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். யாருக்கு என்ன வரும், என்ன வராது என்று தெரிந்துகொண்டு சொல்லிக்கொடுக்கலாமே என்ற நல்லெண்ணம்தான். அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. உட்கார்ந்து படிக்க இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

படிக்கப் படிக்க அந்த நல்லெண்ணத்தில் பாதி போய்விட்டது.

பென்சிலா, வாட்டர் கலரா என்று தெரிந்துகொள்ள வைத்த 'எந்த மீடியத்தில் வரைய விருப்பம்?' என்ற கேள்விக்கு வங்கிக்காரர் ஒருவர், 'மீடியம் பத்தாது, எக்ஸ்எல் அனுப்பவும்' என்று எழுதியிருந்தார். 'ஒவ்வாமை ஏதாவது உண்டா?' என்றதற்கு நர்ஸ் ஒருத்தி, 'உண்டு. என் மேலதிகாரி' என்று எழுதியிருந்தாள்.

அதையெல்லாம்கூடச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் இது?

'முன் அனுபவம்: பத்திரிகை ஓவியர், ஓய்வு.'

எழுதியவர் கடைசி வரிசைப் பெரியவர். மனைவியோடு வருகிறவர். எல்லோருக்கும் வைத்த அதே மண் ஜாடியைத்தான் அவரும் வாரா வாரம் வரைகிறார். முதல் வாரம் அது ஜாடியாக இல்லை. அடுத்த வாரம் கோழியாகிவிட்டது. போன வாரம் அந்தக் கோழி மேல் லாரி ஏறியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி வரைந்ததைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜாடியா, தலையணையா என்று கேட்கக்கூட டீச்சருக்கு வாய் வரவில்லை.

இவர் பத்திரிகை ஓவியராம்!

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். பெரியவரின் மனைவி தூரிகைகளைக் கழுவப் பின்பக்கம் போனாள். டீச்சர் பெரியவரை மறித்தாள்.

"சார், படிவத்துல உண்மையைத்தான் எழுதணும். இந்த வகுப்புல இடம் கிடைக்காம எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா?"

"நான் என்ன எழுதினேன்?"

டீச்சர் போனை நீட்டினாள். பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ... இதையெல்லாம் நீங்க படிப்பீங்களா?"

"படிக்காம எதுக்கு அனுப்புறேன்?" என்றாள் டீச்சர், படிக்கவே ஒரு மாதம் ஆனதை மட்டும் மென்று விழுங்கியபடி.

"மெதுவாப் பேசுங்க டீச்சர்."

பெரியவர் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தார். பழைய செய்தித்தாளின் ஓரத்தில் சரசரவென்று நாலைந்து கோடுகள். இடுப்பில் கை வைத்து, மூக்கு விடைக்க, சாட்சாத் டீச்சரேதான் நின்றாள். அந்தக் கோபம்கூட அச்சு அசல்.

டீச்சர் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"சார்... அப்புறம் எதுக்கு அந்தக் கோழி?"

"அது ஜாடி."

"சரி, ஜாடி."

பெரியவர் செய்தித்தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"எல்லாம் வீட்டுக்காரிக்காகத்தான். அவளுக்கு வரையணும்னா அவ்வளவு ஆசை. ஆனா நான் பக்கத்துல இருந்தாப் போதும், பென்சிலைக் கீழே வச்சிடுவா. 'உங்க கோட்டுக்கு முன்னாடி நான் எங்கே'ம்பா. அதான், ஓய்வு பெத்ததும் ஒரு பொய்யைச் சொல்லி வச்சேன். கை நடுங்குது, கோடே வரமாட்டேங்குது, முதல்லேருந்து பழகணும், துணைக்கு வான்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். பக்கத்துல ஒருத்தன் தன்னைவிடக் கேவலமா வரைஞ்சா, யாருக்கும் தானா தைரியம் வந்துடும்ல?"

"அப்ப படிவத்துல மட்டும் ஏன் உண்மையை எழுதினீங்க?"

"ஒரே நேரத்துல எத்தனை இடத்துலதான் பொய் சொல்றது, சொல்லுங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. இந்த மனுஷனைப் போயா வகுப்பிலிருந்து நீக்கப் பார்த்தோம்?

"ஆனா ஒண்ணு டீச்சர்," பெரியவர் குரலில் நிஜமாகவே கவலை. "நான் எவ்வளவு மோசமா வரைஞ்சாலும், அவ அதைவிட மோசமா வரைஞ்சுடறா. நானும் எவ்வளவுதான் இறங்கறது? நீங்கதான் அவளுக்கு நாலு வார்த்தை நல்லதாச் சொல்லி எப்படியாவது தேத்திவிடணும்."

சொல்லிவிட்டு, வண்டியை எடுத்து வாசலுக்குக் கொண்டுவரப் போனார்.

என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே டீச்சர் பின்பக்கம் போனாள்.

பெரியவரின் மனைவி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தூரிகையில் மிச்சமிருந்த நீலத்தை வீணாக்க மனமில்லாமல், ஒரு அட்டைத் துண்டில் என்னவோ தீற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

எதிரே இருந்த குழாய் அப்படியே அட்டையில் இருந்தது. அதன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர். இதோ விழப்போகிறது என்று டீச்சரின் கை தானாக நீண்டது, அட்டையை நோக்கி.

"அம்மா! இது... நீங்களா வரைஞ்சீங்க?"

அந்த அம்மாள் சட்டென்று குழாயைத் திறந்து அட்டையைத் தண்ணீருக்கடியில் பிடித்தாள். வரைந்த குழாய் நீலமாகக் கரைந்து ஓடியது.

"சத்தம் போடாதீங்க டீச்சர். அவர் போயிட்டாரா?"

"போயிட்டார். இப்படி ஒரு கையை வச்சுக்கிட்டு வகுப்புல ஏன்மா அப்படி வரையறீங்க?"

"அவர் முன்னாடி வரைய எப்பவும் கூச்சம். அவர் ஆபீஸ் போனதும் எடுப்பேன், வர்றதுக்குள்ள ஒளிச்சு வச்சிடுவேன். அப்படியே பழகின கை இது."

"அவர்கிட்ட காட்ட வேண்டியதுதானே? எவ்வளவு சந்தோஷப்படுவார்!"

"இப்பவா? நல்லா இருக்கே! பாவம், அவருக்குக் கை நடுங்குது டீச்சர். நீங்களே பார்க்கறீங்களே, என்னமா வரைஞ்ச மனுஷன்! இந்த நேரத்துல நான் நல்லா வரைஞ்சு காட்டினா நொறுங்கிப் போயிட மாட்டாரா? பக்கத்துல தன்னைவிட மோசமா ஒருத்தி இருந்தா, அவருக்கும் ஒரு தெம்பா இருக்கும்ல?"

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் தூரிகைகளை உதறிக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"ஆனா, அவரைவிட மோசமா வரையறதுக்கு வாரா வாரம் நான் படற பாடு இருக்கே... அது எனக்குத்தான் தெரியும்!"